அரை நூல் இடைவெளி

அக்டோபர் 23, வியாழன்

கோத்தகிரி வந்து சேர்ந்தேன். மேலே ஏறும்போது பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி. பஜாரில் டீக்கடை மாடியில் அறை. கட்டில் ஆடுகிறது, நாளைக்கு ஒரு ஆப்பு வைக்கவேண்டும்.

மறுவாழ்வு இல்லத்தில் ஃபிலோமினா சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்தனுப்பினார். குடியை விட்டு இன்றோடு நூற்று அறுபத்திரண்டு நாள். வெளியூர் வேலைக்குப் போனால் அன்றன்றைக்கு நடந்ததை எழுத வேண்டுமாம். எழுதி எனக்குப் பழக்கமில்லை. பலகைக்குப் பின்னால் அளவு எழுதியதோடு சரி.

வீடு பஜாரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இறக்கத்தில், தேயிலைச் சரிவின் விளிம்பில் இருக்கிறது. லீலாவதி அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்காரர் சந்தானம் சார் டீ ஃபேக்டரியில் அதிகாரியாக இருந்தவர். ஒன்பது மாதத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. அவர் படுத்திருக்கும் அறையில்தான் வேலை. பள்ளத்தாக்கைப் பார்த்து மூன்று முகமாகப் பிதுங்கி நிற்கும் ஜன்னல் அறை. அந்த வீட்டில் அதற்கு மட்டும் மரத்தரை. சுவரடியில் தரையை ஒட்டிச் சுற்றி ஓடும் மரப்பட்டி செல்லரித்துவிட்டது. அதை எடுத்துவிட்டுத் தேக்கில் புதிதாகப் போடவேண்டும்.

மெஷின் கூடாது. அந்தச் சத்தம் கேட்டால் சாருக்கு உடம்பு வெட்டிவெட்டி இழுக்கிறதாம். கை ரம்பம், இழைப்புளி, உளி மட்டும். அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 25, சனி

முதலில் ஜன்னல் பக்கம் மட்டும் பழைய பட்டியைக் கழற்றினேன். அங்கே இரண்டு மூலை. கணக்குப்படி ஒவ்வொன்றும் நூற்று முப்பத்தைந்து டிகிரி. பழைய வீட்டில் எந்த மூலையும் கணக்குப்படி இருக்காது. பாகைமானியை நம்பி வெட்டினவன் கெட்டான்.

சாய்மட்டத்தின் இரண்டு கைகளையும் சுவரில் ஒட்டவைத்துத் திருகை இறுக்கினேன். அந்தக் கோணத்தை அப்படியே ஒரு பலகையில் இறக்கி, காம்பஸால் சரிபாதியாகப் பிரித்தேன். பாதி பிசகினால் ஒரு பட்டியின் முகம் நீண்டும் மற்றது குட்டையாகவும் நிற்கும். பென்சில் கோடு தடிமன், அதனால் கத்தியால் கீறினேன். கீறலை விட்டு ஒரு மயிரிழை வெளியே ரம்பம் போட்டு, மிச்சத்தை இழைப்புளியால் சீவினேன். சீவல் வெங்காயத்தோல் மாதிரி வந்தது. இரண்டு பட்டியையும் சேர்த்து விளக்கைப் பின்னால் பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை.

சார் படுத்தபடி முழுவதையும் பார்த்தார். கண் மட்டும் கூடவே வருகிறது.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று லீவு. இன்று காலை போனால் இடது மூலையில் இணைப்பு திறந்திருக்கிறது. அரை நூல் இருக்கும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மற்றவன் கண்ணுக்குப் படாது. எனக்கு அது வாசல் கதவு திறந்து கிடக்கிற மாதிரி.

என் இடது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. மழைக் குளிரால் இருக்கலாம்.

பட்டியைக் கழற்றிப் புதிதாக வெட்டினேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று நன்றாகப் பொருந்தியது. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

மத்தியானம் சார் பேசினார். ஒன்பது மாதத்தில் முதல் பேச்சு. ஒரே ஒரு சொல்.

"நடக்குது."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிவந்தார். கால் நடக்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். சார் தலையை ஆட்டவில்லை. தரையைப் பார்த்தார். திரும்பவும் அதையே சொன்னார். அம்மா அழுதுவிட்டு, பெங்களூரில் இருக்கும் மகன் நிர்மலுக்குப் போன் போட்டு, அப்பாவுக்குக் காலில் உணர்ச்சி வந்துவிட்டது என்றார். எனக்குக் கேசரி கிடைத்தது.

அக்டோபர் 29, புதன்

அதே இடத்தில் அரை நூல் திறந்திருக்கிறது. வலது மூலையில் கால் நூல்.

அம்மா குனிந்து பார்த்தார். போகும்போது என் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். என்ன வாசனை தேடினார் என்று தெரியும். என்னைப் பற்றி யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நானே ஒரு நிமிஷம் யோசித்தேன். குடியை விட்டவனுக்குச் சில மாதம் கழித்தும் இல்லாதது கண்ணுக்குத் தெரியும் என்று இல்லத்தில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் அங்கே இருந்த ஒருவருக்குச் சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

ஆனால் இந்த இடைவெளியில் தபால் அட்டை நுழைகிறது. இல்லாத இடத்தில் அட்டை எப்படி நுழையும்?

அக்டோபர் 30, வியாழன்

மழை. வேலை இல்லை. சட்டை துவைத்தேன், காயவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜன்னல் பக்கம் கழற்றிப் போட்ட பழைய பட்டிகளை வராந்தாவில் அடுக்கிவைத்திருந்தேன். வெறகுக்குப் பிளக்கலாம் என்று ஒன்றைத் திருப்பினால் பின்பக்கம் பென்சில் எழுத்து. இடது மூலையில் இருந்த பட்டி அது. தச்சுப் பென்சில், எனக்கு முன்னால் யாரோ ஒருவன். வருஷம் இல்லை.

நவம்பர் 6, அரை.
நவம்பர் 9, முக்கால்.
நவம்பர் 11, ஒன்று.
நவம்பர் 13, இல்லை.

அதற்குக் கீழே பலகை முழுக்கக் காலி.

அரை நூல், முக்கால் நூல், ஒரு நூல். அவனும் இதே மூலையில் உட்கார்ந்து இதையேதான் அளந்திருக்கிறான். கடைசியில் "இல்லை" என்றால் இடைவெளி இல்லை என்று அர்த்தம். தானாக மூடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஏன் அவன் அளக்கவில்லை?

வராந்தாவில் நல்ல வெயில். அந்தப் பட்டியைப் பிளக்காமல் தனியே எடுத்துவைத்தேன்.

நவம்பர் 1, சனி

இந்த வீட்டை யாரிடம் வாங்கினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பம், இருபத்திரண்டு வருஷம் ஆகிறது என்றார். அப்போது இந்த ஜன்னல் அறைக்கு வெளியிலிருந்து குறுக்குக் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தார்களாம். காற்று அதிகம், அதனால் புழங்குவதில்லை என்று சொன்னார்களாம்.

டீக்கடை பெள்ளியிடம் கேட்டேன். அவருக்கு அறுபது வயதிருக்கும், இந்த ஊரிலேயே பிறந்தவர். அந்த வீட்டுக்கு முன்பு பள்ளத்துப் பக்கம் இன்னொரு கட்டு இருந்தது என்றார். சமையல் கட்டு, வேலைக்காரர் அறை எல்லாம். ஒரு கார்த்திகை மாசத்து மழையில் மண்ணோடு போய்விட்டது, தான் அப்போது சின்னப் பையன் என்றார். ஆள் யாராவது போனார்களா என்று கேட்டேன். டம்ளரைக் கழுவிக்கொண்டே, மரவேலை செய்ய வந்த ஓர் ஆசாரி அங்கே தங்கியிருந்தான், அவன் ஊர்க்காரர்கள் ரொம்ப நாள் தேடிக்கொண்டு வந்தார்கள் என்றார்.

இரண்டாவது டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

இடது மூலை முக்கால் நூல்.

அம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினேன். "அம்மா, சார் சொன்னது அவர் காலைப் பத்தி இல்லைன்னு நெனைக்கேன். வீடு நடக்குதும்மா," என்றேன்.

அவர் கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று நேராகக் கேட்டார். நாள் கணக்குச் சொன்னேன். நம்பினாரா இல்லையா, தெரியவில்லை.

என்னை நம்பவேண்டாம் என்று சொன்னேன். கெட்டிப் பசை கொண்டுவந்து, இணைப்புக்குக் குறுக்கே ஒரு மெல்லிய காகிதத்தை அவரையே ஒட்டச் சொன்னேன். நான் தொடவில்லை. அவரே ஒட்டி, அதன்மேல் தன் கையெழுத்தைப் போட்டு, அறைக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சாரின் கட்டிலை அன்றைக்கு ஹாலுக்கு மாற்றினோம். தள்ளும்போது சார் என் சட்டையை இடது கையால் பிடித்தார். விட நேரமாயிற்று.

நவம்பர் 4, செவ்வாய்

அம்மாதான் கதவைத் திறந்தார். திறக்க வரவில்லை. நான் தோளால் தள்ளவேண்டியிருந்தது. நேற்று வரை தானாக ஆடிய கதவு.

காகிதம் கிழிந்திருந்தது. அவர் பெயரில் "லீலா" ஒரு பக்கம், "வதி" ஒரு பக்கம்.

அவர் குனிந்து அதைத் தொடப் போனவர், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டார். பிறகு போனை எடுத்தார்.

நவம்பர் 5, புதன்

பஜாருக்குப் பின்னால் சர்ச் மேட்டில் அம்மாவுடன் வேலை பார்த்த ஒரு சிநேகிதி வீட்டு மாடி காலியாக இருந்தது. நானும் பெள்ளியும் இன்னும் இரண்டு பேரும் சாரை நாற்காலியோடு தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். மழை. சார் முகத்தில் அம்மா குடையைப் பிடித்தார், தான் நனைந்தார்.

நவம்பர் 8, சனி

வெயில். நான்கு நாளாக ஒன்றும் இல்லை. வீடு இருந்த இடத்தில் இருக்கிறது. ஜீப்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

நிர்மல் வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும், கம்ப்யூட்டர் வேலை. அப்பாவை மழையில் தூக்கிக்கொண்டு போனதில் அவருக்குச் சளி கட்டிவிட்டது என்று அம்மாவைச் சத்தம் போட்டாராம். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். அவருடைய சிநேகிதர் ஒரு இன்ஜினியர். அம்மா எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, ஈரம் ஏறி இறங்கினால் மரம் விரிந்து சுருங்கும், பழைய வீட்டில் சகஜம் என்று சொன்னாராம். நாளைக் காலை எல்லாருமாகப் போய்ப் பார்ப்போம் என்றார்.

நவம்பர் 10, திங்கள்

காலை பத்து மணிக்கு நிர்மல், அம்மா, நான் மூவரும் போனோம். சத்தமில்லாத வெயில். பின்புறம் எப்போதும் சலசலக்கும் ஊற்று நின்றுபோயிருந்தது. வழக்கமாக மதில்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கை ஒன்றுகூட இல்லை.

அறைக்கதவு விரல் பட்டதும் திறந்தது.

இடது மூலையில் குனிந்தேன். இணைப்பு மூடியிருந்தது. தபால் அட்டை நுழையவில்லை, காகிதம் நுழையவில்லை, நகத்தால் தடவினால் கோடே தட்டுப்படவில்லை. கிழிந்த காகிதத்தின் இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. என் வாழ்நாளில் அப்படி ஓர் இணைப்பை நான் வெட்டியதில்லை. வலது மூலையும் அப்படியே.

நிர்மல் சிரித்துவிட்டார், கேலியாக இல்லை, பாரம் இறங்கிய சிரிப்பு. "பாத்தீங்களா? வெயில் வந்ததும் தானா சேந்துடுச்சு. நல்ல வேலைக்காரர்தான் நீங்க," என்றார். அம்மாவுக்கும் முகம் தெளிந்துவிட்டது. சாயங்காலமே அப்பாவைக் கொண்டுவந்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் அந்தப் பலகையைப் பற்றிச் சொன்னேன். நவம்பர் 13, இல்லை. மூடிக்கொண்டது என்றால் சுவர் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, பின்னால் இருந்த சுவரும் கூடவே புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம் என்றேன். நிர்மல் பொறுமையாகக் கேட்டார். பிறகு, என் காதில் விழட்டும் என்றே அம்மாவிடம் தாழ்ந்த குரலில், இந்த மாதிரி ஆட்களுக்குச் சில சமயம் இப்படித் தோன்றும் என்றார்.

அவர்கள் ஜீப்பைப் பார்க்கப் போனார்கள். எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

கடப்பாரையை எடுத்தேன். அறையின் தரைப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். நல்ல பழைய தேக்கு. ஆணி கத்திக்கொண்டு வந்தது. பிறகு ரம்பத்தை எடுத்துக் கீழே இருந்த குறுக்குச் சட்டங்களையும் நடுவில் அறுத்தேன். கட்டில் போட முடியாதபடி, ஆள் நிற்க முடியாதபடி. அறுக்கும்போது என் கை நடுங்கவில்லை. சட்டத்துக்குக் கீழே மண் தெரிந்தது. சுவரோரமாகக் கோடு மாதிரி நீளமாக ஒரு பிளவு, உள்ளங்கை அகலம். அடி தெரியவில்லை. ஒரு சீவலைப் போட்டேன். விழுந்த சத்தம் வரவில்லை.

நிர்மல் வந்து பார்த்தார். பிளவைப் பார்க்கச் சொன்னேன். அவர் பலகைகளைத்தான் பார்த்தார். என்னைக் கன்னத்தில் அறைந்தார். அம்மா ஓடிவந்து நடுவில் நின்றார். சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார்கள். சாரை இன்றைக்குக் கொண்டுவர முடியாது. அது போதும் எனக்கு.

சாயங்காலம் நிர்மல் என் அறைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். போய்விட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

வீடு போய்விட்டது. விடிவதற்குச் சற்று முன்னால். மழைகூட இல்லை. நிர்மல் உள்ளே இருந்தார்.

நான் ஒரு அறையின் தரையைத்தான் பெயர்த்தேன். அந்த வீட்டில் நான்கு அறை.

நவம்பர் 12, புதன்

தோண்டுகிறார்கள். நானும் மண்வெட்டியோடு போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. யாரும் என்னிடம் பேசவுமில்லை.

நவம்பர் 13, வியாழன்

பதினொரு மணிக்கு எடுத்தார்கள். நான் தலைப்பக்கம் பிடித்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஊருக்குப் போகவேண்டும். டிக்கெட் எடுக்கவில்லை. பஜார் முனையில் பிராந்திக் கடை திறந்திருந்தது. எதிர்த் திண்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். நூற்று எண்பத்தாறு நாள்.

நவம்பர் 23, ஞாயிறு

லீலாவதி அம்மா ஆள் அனுப்பினார். சர்ச் மேட்டு மாடிக்குப் போனேன். சார் தூங்கிக்கொண்டிருந்தார். மகன் போனது அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி போட்டார். நானும் தரையிலேயே உட்கார்ந்தேன்.

அவர் அழவில்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. நீங்கள் சொன்னதை நான் நம்பினேன், அவனையும் நம்பவைத்திருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு சாயங்காலம் அவன் உங்களைப் பாக்க வந்தானாமே. டீக்கடைக்காரர் சொன்னார். என்ன பேசினான்?"

"மன்னிப்புக் கேட்டாரும்மா."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லம்மா."

இதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் இழைப்புளி இரும்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். நிர்மல் நிலைப்படியில் நின்று, கை ஓங்கியது தப்பு, என் அப்பா வயசு உங்களுக்கு என்றார். பரவாயில்லை தம்பி என்றேன். அவர் உடனே போகவில்லை. சாமானெல்லாம் அங்கே கிடக்கிறது, இன்றைக்கு ஹாலில் படுத்துக்கொள்ளப்போகிறேன் என்றார். அப்புறம், "பயப்பட ஒண்ணும் இல்லைதானே?" என்று கேட்டார். சும்மா கேட்கவில்லை. தரைக்கு அடியில் இருந்த பிளவை அவரும் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார். குரலில் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டார். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் இரண்டு கிலோமீட்டர் ஏறி வந்திருந்தார்.

என் கன்னம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு ராத்திரி பயந்துதான் பார்க்கட்டுமே என்று இருந்தது. விழும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே என்று தெரியாது.

"உங்க வீடு தம்பி, உங்க இஷ்டம்," என்றேன். இரும்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படி இறங்கும் சத்தம் கேட்டது.

அம்மாவிடம் இது எதையும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டார் என்றதும் அவர் முகம் ஏதோ கிடைத்த மாதிரி ஆயிற்று. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை என்று எழுதலாம். அது பாதிதான் நிஜம்.

கிளம்பும்போது அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்தார். "இங்கதானே அடிச்சான்," என்று சொல்லித் தன் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்தார். அவன் சார்பில் தானும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

கை எடுக்கும்வரை நின்றேன்.